இணையவழி ஆங்கிலமும் மன்னார் மாணவரும்: ஒரு விமர்சன நோக்கு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கென இணையத்தில் உள்ள வளங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் பெருக்கத்தையே வியந்து எழுதுகின்றனர். காசின்றிக் கிடைக்கும் பாடங்கள், எந்நேரமும் கேட்கத்தக்க உரையாடல்கள், பிழைகளை உடனுக்குடன் திருத்தும் செயலிகள் ஆகியன நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இருந்த இடைவெளியை அகற்றிவிட்டன என்பது இன்று ஏறத்தாழப் பொதுக்கருத்தாகிவிட்டது. கொழும்பு மாணவன் கேட்கும் அதே பாடத்தைத் தலைமன்னார் மாணவனும் கேட்கலாம் என்பதே இக்கருத்தின் சாரம். கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் அதனால் இருவரும் ஒரே அளவில் பயன்பெறுகின்றனரா என்பதே கேள்வி. வளங்களின் தொகையை விடுத்து, அவை யாரை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டன, யாருக்கு எத்தகைய ஆங்கிலத்தைத் தருகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையோரத்தையும் அளவுகோலாகக் கொள்கின்றோம்.

1

இலங்கையில் ஆங்கிலம் ஒருபோதும் வெறும் பாடமாக இருந்ததில்லை. குடியேற்றக் காலத்தில் அது பதவிக்கும் மதிப்புக்கும் வாயிலாயிற்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அதனைத் தொடர்ந்து விரிவடைந்த தாய்மொழி மூலக் கல்வியும் அவ்வாயிலின் முன் நின்ற காவலை ஓரளவு தளர்த்தின. ஆயினும் உயர்கல்வியிலும் தொழிற்றுறையிலும் ஆங்கிலத்தின் ஆதிக்கம் நீங்கவில்லை. சிங்கள இளைஞர் வழக்கில் ஆங்கிலத்தைக் குறிக்கக் 'கடுவ', அதாவது வாள், என்ற சொல் வழங்கி வந்தமையும், பேராசிரியர் திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆராய்ந்தமையும் மனங்கொளத்தக்கன. வாள் வைத்திருப்பவன் அதனை வாள் என்று சொல்வதில்லை. வெட்டுண்டவனே அவ்வாறு சொல்கிறான்.

இப்பின்னணியில் மன்னாரின் நிலை சற்று வேறானது. உலகத் தொடர்பற்ற ஒதுக்குப்புறமாக மன்னார் இருந்ததில்லை. முத்துக்குளிப்பின் பொருட்டுப் பல தேசத்தவரும் வந்து சென்ற கரை இது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய படகுப் போக்குவரத்து தென்னிந்தியாவையும் கொழும்பையும் இணைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் போர் கப்பலையும் இரயிலையும் நிறுத்திற்று. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. அவ்வூர்ப் பிள்ளைகளிற் பெருந்தொகையினர் புத்தளத்து அகதி முகாம்களிலேயே எழுத்தறிந்தனர். தலைமன்னாருக்கான இரயில் பாதை 2015இலேயே மீளத் திறக்கப்பட்டது. பல தலைமுறை மாணவரின் பள்ளிக் காலம் இவ்வாறு குலைந்தமையால் ஏற்பட்ட இழப்பை வெறும் இணைய இணைப்பு ஒன்றினால் ஈடுசெய்துவிட முடியாது.

2

முதலில் அரசு தரும் வளங்களை நோக்குவோம். கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றற்றளமான 'ஈ-தக்சலாவ' மும்மொழியிலும் இயங்குவது. பாடநூல்கள், பயிற்சிகள், கடந்தகால வினாத்தாள்கள் என்பன அதில் தரம் வாரியாகக் கிடைக்கின்றன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய கல்வி நிறுவகமும் பாடங்களைக் காணொளிகளாக வெளியிட்டு வருகின்றது. பாடத்திட்டத்தோடு பொருந்தியிருப்பதும், விளம்பரமின்றி இருப்பதும், நம் மாணவரை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டிருப்பதும் இவற்றின் சிறப்புகளாகும். இச்சிறப்புகளைக் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் ஆங்கிலப் பாடத்தைப் பொறுத்தவரை இவ்வளங்கள் பெரிதும் பாடநூலின் மின்வடிவமாகவே நின்றுவிடுகின்றன. இது தற்செயலானதன்று. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நீண்ட காலமாக ஆங்கிலத்தில் வாசிப்பையும் எழுத்தையுமே சோதித்து வந்துள்ளது. கேட்டலும் பேசுதலும் அதில் இடம்பெறவில்லை. உயர்தரத்திற் கற்பிக்கப்படும் பொது ஆங்கிலத்தின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியிற் சேர்வதில்லை. எனவே கேட்டற் பயிற்சிக்கு மிக வாய்ப்பான ஓர் ஊடகம் கைக்கு வந்த பின்னரும், பரீட்சை கேளாததை மாணவன் கேட்பதில்லை. வினாத்தாளைத் தாளிற் பார்ப்பதற்குப் பதிலாகத் திரையிற் பார்க்கின்றான். கருவி புதியதாயினும் கற்கும் முறை பழையதே.

'இலவசம்' என்ற சொல்லும் ஈண்டு ஆராயத்தக்கது. 1945இன் இலவசக் கல்வியும் 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் வழங்கலும் ஒரு கொள்கையின் வெளிப்பாடுகள்: கல்விக்கு வேண்டிய சாதனத்தை மாணவனின் கையிற் சேர்ப்பது அரசின் கடமை என்பதே அக்கொள்கை. இணையவழி வளமோ, பாடம் மட்டும் இலவசம் என்கிறது; கைபேசியும், தரவுக் கட்டணமும், மின்சாரமும், படிப்பதற்கு ஓர் அமைதியான மூலையும் குடும்பத்தின் பொறுப்பாகின்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது நாடெங்கும் வெளிப்பட்டது. வீட்டுக்கு ஒரு கைபேசி. அது தந்தையோடு கடலுக்குப் போகும். மூன்று பிள்ளைகள் மாலை வரை காத்திருப்பர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது மாலையும் இருளாயிற்று. கடமை அரசிடமிருந்து குடும்பத்துக்குக் கைமாறும்போது, வசதியுள்ள குடும்பமும் அற்ற குடும்பமும் மீண்டும் வேறுபடுகின்றன. இலவசக் கல்வி குறைக்க முயன்ற வேறுபாடும் இதுவே.

3

அடுத்து, வெளிநாட்டு நிறுவனங்களின் வளங்கள். பிபிசி நிறுவனம் 1943 முதல் வானொலியில் ஆங்கிலம் கற்பித்து வந்த அனுபவத்தை இணையத்துக்குக் கொணர்ந்துள்ளது. அதன் 'ஆறு நிமிட ஆங்கிலம்' இருவர் உரையாடலாக அமைந்து, ஒரு பொருளையும் சில புதிய சொற்களையும் தெளிவாக அறிமுகஞ் செய்கின்றது. பிரிட்டிஷ் கவுன்சிலின் தளம் பாடங்களை, ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் படிநிலைகளின்படி ஒழுங்குபடுத்தித் தருகின்றது. ஒலித் தெளிவு, படிமுறை ஒழுங்கு, ஆசிரியப் பொறுப்பு ஆகியவற்றில் இவை உயர்தரமானவை. நம் நாட்டில் ஆங்கில ஆசிரியரே கிடைக்காத ஒரு பாடசாலை மாணவனுக்கு, நல்ல ஆங்கில உச்சரிப்பை முதன்முறையாகக் கேட்கும் வாய்ப்பை இவை அளிக்கக்கூடும்.

இவற்றின் அடிப்படையில் உள்ள கற்பித்தற் கொள்கையே விவாதத்துக்குரியது. 1961இல் உகண்டாவின் மக்கரெரேயில் நடைபெற்ற பொதுநலவாய மாநாடு இரண்டாம் மொழியாக ஆங்கிலங் கற்பித்தல் பற்றி ஆராய்ந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் மூலமே கற்பிக்க வேண்டும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்பன போன்ற எண்ணங்கள் அதன்வழி உறுதிபெற்றன. றொபேட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வெண்ணங்களைப் போலி நியாயங்கள் எனச் சுட்டி, அவை யாருடைய நலனுக்கு உதவின என்றும் வினவினார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் இன்றைய இணையவழி வளங்களின் பெரும்பகுதி ஒருமொழிக் கொள்கையின் வழித்தோன்றலே என்பது புலனாகும். உலகிலுள்ள கற்போர் அனைவரையும் ஒரே கற்போனாகக் கருதினால் ஒரே பாடத்தை எல்லாருக்கும் கொடுக்கலாம். இதனை வணிகச் சிக்கனம் எனலாமேயன்றிக் கற்பித்தல் நியாயம் எனல் பொருந்தாது.

2012இல் பொதுமக்களுக்கு அறிமுகமான டுவோலிங்கோ போன்ற செயலிகள் இந்நிலையை மேலும் ஓரடி கொண்டு சென்றன. ஒன்றோடொன்று தொடர்பற்ற வாக்கியங்கள், புள்ளிகள், நாள் தவறாமைக்கான பாராட்டுகள் என அமையும் இவை பழக்கத்தை வளர்க்கின்றன. ஆனால் ஒரு வாக்கியம் யாரால், யாருக்கு, எதன் பொருட்டுச் சொல்லப்படுகிறது என்ற வினா அவற்றில் எழுவதில்லை. மொழி என்பது சமூக உறவு என்ற உண்மை அங்கே மறைந்துவிடுகின்றது.

4

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவன் ஆங்கிலங் கற்கும்போது எதிர்கொள்ளும் இடர்கள் அவனுக்கே உரியவை. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் நிறைவான வாக்கியம், வினை வேண்டாது. அப்பழக்கத்தில் மாணவன் 'ஹீ ரீச்சர்' என்று எழுதுவான். இடையில் வரவேண்டிய 'இஸ்' என்ற வினையும் 'ஏ' என்ற சுட்டும் அவனுக்குத் தேவையற்றனவாகத் தோன்றும். 'மேசையில்', 'பாடசாலையில்', 'மன்னாரில்' என மூன்றிடத்தும் தமிழில் ஓர் உருபே வர, ஆங்கிலம் 'ஒன்', 'அற்', 'இன்' என மூன்று சொற்களை வேண்டும். தமிழ் எழுத்தில் ககரமொன்றே வல்லொலிக்கும் அதன் மெல்லிய இணைக்கும் நிற்பதால், அவ்விரண்டையும் வேறாகக் கொள்ளும் ஆங்கிலச் சொற்கள் கற்போன் காதுக்கு ஒன்றாகின்றன. இவற்றை 'பிழைகள்' என்று மட்டும் குறித்துச் சிவப்புக் கோடிடும் செயலி, பிழையின் காரணத்தை ஒருநாளும் அவனுக்குச் சொல்வதில்லை.

தமிழ் இடராக மட்டுமன்றித் துணையாகவும் நிற்கும் என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம். ஆங்கிலத்தின் 'த' என்ற சுட்டிடைச்சொல் தமிழருக்கு விளங்காதது என்பர். ஆனால் 'மீன் வாங்கினான்' என்பதற்கும் 'மீனை வாங்கினான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மன்னார்ச் சிறுவன் எவனும் அறிவான். முன்னையது ஏதோ மீன். பின்னையது முன்னரே பேசப்பட்ட அந்த மீன். அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு தோன்றியும் தோன்றாதும் நின்று செய்யும் வேலையை ஆங்கிலம் வேறொரு கருவியாற் செய்கின்றது. இரண்டும் முற்றும் ஒத்தன அல்ல. எனினும் இவ்விடத்திலிருந்து தொடங்கும் பாடம் மாணவனுக்கு அவன் அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் வழியைக் காட்டும். ஒருமொழிக் கொள்கை இவ்வழியைத் தானே அடைத்துக்கொள்கின்றது.

இவ்வுண்மையை இக்கடல் முன்னரே கண்டதுண்டு. மன்னார் வளைகுடாவின் மறுகரையான முத்துக்குளித்துறையிற் பதினாறாம் நூற்றாண்டிற் பணிபுரிந்த அண்டிரிக் அடிகளார், தமிழ் கற்க வரும் தம்மவருக்கெனத் தமிழிலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் ஆக்கமே. அந்நிய மொழியைத் தம் மொழியின் துணையோடு கற்பது ஆளவந்தவருக்கு இயல்பான உரிமையாக இருந்தது. ஆளப்பட்டவருக்கு மட்டும் அது தடையென்று கூறப்படுவது ஏன்?

தமிழ்வழி ஆங்கிலங் கற்பிக்கும் காணொளிகள் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமாக வருகின்றன என்று இதற்கு விடை கூறப்படலாம். அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுட் பல, நேர்முகத் தேர்வுக்கும் அலுவலக வேலைக்கும் வேண்டிய தொடர்களை மனப்பாடஞ் செய்விப்பதையே நோக்கமாகக் கொண்டவை. ஒலிப்பெயர்ப்பிலும் வேறுபாடுண்டு. ஆங்கிலத்தின் நுனியண்ண ஒலியைத் தமிழ்நாட்டார் டகரத்தாற் குறித்து 'டீச்சர்' என்பர். நாம் 'ரீச்சர்' என்போம். 'பற்றறி' என்று றகரத்தால் எழுதுவோம். உண்மையில் நம் றகரம் அவ்வாங்கில ஒலிக்கு டகரத்தினும் அணித்தானது. மன்னார் மாணவன் தன் பேச்சிலேயே கொண்டிருக்கும் இந்த அனுகூலத்தை எந்தப் பாடமும் அவனுக்கு எடுத்துச் சொல்வதில்லை. மாறாக, தன் வழக்கே பிழையென அவன் எண்ண நேர்கின்றது.

2022 நவம்பரில் வெளியான சட்ஜிபிடியும் அதன்பின் வந்த உரையாடற் பொறிகளும் இக்குறையை நீக்கும் எனச் சிலர் நம்புகின்றனர். தமிழில் வினவினாற் தமிழிலேயே விளக்கம் தருவது உண்மையில் ஒரு முன்னேற்றமே. ஆனால் விளக்கந் தரும் அதே பொறி கட்டுரையையும் எழுதித் தருகின்றது. ஆசிரியனின் வழிகாட்டலுள்ள மாணவன் அதனிடம் விளக்கத்தைப் பெறுவான். வழிகாட்டலற்றவன் விடையைப் பெறுவான். இங்கும் ஏற்றத்தாழ்வு ஆசிரியன் இருக்குமிடத்தையே பொறுத்துள்ளது.

5

மொழி அமைப்பிலிருந்து பாடப் பொருளுக்கு வருவோம். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ பயிலும் ஒரு மாணவியை மனத்திற்கொள்வோம். அவள் காணும் இணையப் பாடங்களில் உணவகத்தில் உணவு கேட்கின்றனர், விமான நிலையத்தில் வழி வினவுகின்றனர், விடுமுறைக்குத் திட்டமிடுகின்றனர். கரைவலையும் வாடியும் கருவாடும் அங்கில்லை. தந்தை பிடித்த நண்டு ஏற்றுமதியாகும் விலையும் அங்கில்லை. தன் வாழ்வைப் பற்றி ஒரு வாக்கியமேனும் ஆங்கிலத்தில் எழுதும் சொல் அவளுக்குக் கிடைப்பதில்லை.

சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில், போர்க்கால யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வகுப்பறையை ஆராய்ந்துள்ளார். அமெரிக்கப் பாடநூலொன்றைப் பயன்படுத்திய மாணவர்கள் அதன் பக்க ஓரங்களிற் கிறுக்கிய படங்களையும் குறிப்புகளையும் அவர் கருத்தோடு படித்தார். நூலில் இல்லாத தம் உலகத்தை மாணவர் ஓரத்தில் எழுதினர் என்பதே அவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்துவது. கைபேசித் திரையில் அத்தகைய ஓரம் இல்லை. விடை சரியா பிழையா என்பதற்கு மட்டுமே அங்கு இடமுண்டு. மாணவனின் மறுப்பும் கேலியும் எங்கும் பதிவதில்லை. அவன் செயலியை மூடிவிடுகிறான். அது ஊக்கமின்மை எனக் கணிக்கப்படுகின்றது.

மன்னாருக்கு ஆங்கிலம் எதற்கு வேண்டும் என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் தெளிவாக்கியுள்ளன. 30 காற்றுச்சுழலிகளைக் கொண்ட 'தம்பபவனி' மின்நிலையம் 2020இல் தொடக்கி வைக்கப்பட்டது. காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் 2025இல் தொடர் போராட்டம் நடத்தினர். தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது பொதுமக்கள் கருத்துக்கூற 30 நாள் அவகாசமுண்டு. அத்தகைய தொழில்நுட்ப அறிக்கைகளின் மூலம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. நிலத்தடி நீர், வடிகால், பறவைகளின் வலசைப் பாதை ஆகியன பற்றிய நூற்றுக்கணக்கான பக்கங்களை 30 நாளிற் படித்து வினவ வேண்டியவர் அக்கரையில் வாழ்பவரே. உணவகத்தில் உணவு கேட்கும் ஆங்கிலம் அதற்குப் போதாது.

6

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியெனக் குறித்தது. தன் நிலத்தைப் பற்றிய ஆவணத்தைத் தன் மொழியிற் பெறுவது மன்னார்க் குடிமகனின் உரிமை. 'ஆங்கிலம் கற்றுக்கொள், இணையத்தில் எல்லாம் உள்ளது' என்ற அறிவுரை, தமிழில் ஆவணந் தராத நிர்வாகத்துக்குச் சாக்காகிவிடக் கூடாது. ஆங்கிலக் கல்வியைக் கோருவதும் தமிழின் உரிமையைக் கோருவதும் முரண்பட்ட கோரிக்கைகள் அல்ல. முன்னது உலக அறிவோடு உறவாட. பின்னது அரசோடு சமமாக நிற்க.

உள்ளூர்ப் பொருளையே கற்பித்தால் மாணவர் தம் ஊருக்குள்ளேயே அடைபடுவர் என்றும் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. மன்னார் மாணவி லண்டனைப் பற்றியும் அறிய வேண்டும். ஆனால் அறிந்ததைச் சொல்லப் பழகியவனே அறியாததைக் கேட்கத் துணிவான் என்பது கற்பித்தலின் பொதுவிதி. வங்காலைச் சரணாலயம் 2010இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதைப் பற்றிய ஒரு பாடம் அவளைத் தன் ஊரிலிருந்தே உலகச் சுற்றாடல் ஒப்பந்தமொன்றுக்கு அழைத்துச் செல்லும். படகுப் போக்குவரத்தின் வரலாறும் அரிப்பின் முத்துக்குளிப்பும் அவ்வாறே. ஊர், உலகத்துக்கு எதிர்ப்பதமன்று.

7

எமது முடிபுகள் சிலவே. இணையவழி ஆங்கில வளங்களின் குறை அவற்றின் எண்ணிக்கையிலோ தொழில்நுட்பத்திலோ இல்லை. கற்போனின் மொழியையும் வாழ்வையும் அவை அறியாதிருப்பதிலேயே உள்ளது. ஆகையால் அவை ஏற்கெனவே ஆங்கிலச் சூழல் உடையவனுக்கு மிகுதியாகவும், அற்றவனுக்குக் குறைவாகவும் உதவுகின்றன. இடைவெளி குறைகின்றது என்ற தோற்றத்தின் கீழ் அது நிலைபெறுகின்றது.

இதனை மாற்றுவது இயலாததன்று. தமிழிலக்கணத்தையும் ஆங்கில இலக்கணத்தையும் ஒப்புநோக்கி நம் மாணவருக்கேற்ற விளக்கங்களை எழுதப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஆங்கிலத் துறைகளும் ஒன்றுசேர வேண்டும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா மன்னாருக்கு மிக அண்மையது. இரு துறைகளும் ஒன்றையொன்று பாராதிருந்த காலம் போதும். மன்னார் ஆசிரியர்கள் தம் வகுப்பிற் பயன்படுத்தும் பாடங்களை ஒலியாகவும் எழுத்தாகவும், இணைப்பின்றியும் இயங்கத்தக்க வடிவிற் தொகுக்கலாம். பரீட்சை கேட்டலையும் பேசுதலையும் கணக்கிற் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரையோரப் பாடசாலைகளின் ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும். செயலி ஆசிரியனுக்குக் கருவியாகலாம், அவனுக்குப் பதிலியாகாது.

தாழ்வுபாட்டு மாணவி ஒருத்தி, தன் ஊர் நிலத்தடி நீர் பற்றிய அறிக்கையின் ஒரு பக்கத்தை ஆங்கிலத்திற் படித்து, அதன்மேல் ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி, அக்கேள்வியைத் தன் தாய்க்குத் தமிழில் விளக்குவாளாயின், அவள் பெற்ற ஆங்கிலம் பயனுள்ளது என்போம். இணையத்தில் உள்ள வளங்களை இந்த அளவுகோலால் அளக்குமாறு ஆசிரியரையும் ஆய்வாளரையும் வேண்டுகின்றோம்.